சாதாரண சைக்கிளே போதும்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் நண்பர் தம் மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் முகத்தில் வாட்டம். தகப்பனார் முகத்தில் கோபம். வீட்டில் ஏதோ வழக்கு நடந்து, தீர்ப்புக்காக என்னிடம் வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் போகும் சாலையில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. வீடு மஞ்சக்குப்பத்தில். போகப் பத்து கிலோமீட்டர், வரப் பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"சார், நீங்களே நியாயம் சொல்லுங்க. தினம் போய் வர ஒரு சைக்கிள் வாங்கித் தர்றேன்னு சொன்னேன். 21 கியர் வைச்ச சைக்கிள்தான் வேணும்கிறான். இல்லேன்னா தவணையிலே மோட்டார் சைக்கிள் எடுத்துக்கிறேன்கிறான்" என்றார் நண்பர்.

பையன் தலையைக் குனிந்துகொண்டே, "சாதாரண சைக்கிள்லே போனா, கம்பெனி வாசல்லே என்னைப் பால்காரன்னு நினைப்பாங்க, மாமா" என்றான்.

நான் அவனை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, வீட்டு வாசல்லேருந்து கம்பெனி வாசல் வரைக்கும் வழியிலே எத்தனை மேடு இருக்கு?"

அவன் சிறிது யோசித்தான். "கெடிலம் பாலம்... அப்புறம் இன்னும் ஒண்ணு ரெண்டு பாலம். அவ்வளவுதான்."

"அந்தப் பாலத்துக்கு 21 கியரா?" என்றேன். தகப்பனார் சிரித்துவிட்டார். பையன் சிரிக்கவில்லை.

அவன் சிரிக்காததில் நியாயம் இருக்கிறது. முதல் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை. அவனுக்கும் ஆசை இருக்கும். ஆனால், அந்த முதல் சம்பளம் எதில் போய் முடங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஐந்தாறு வருஷங்களின் சௌகரியமும் அசௌகரியமும் இருக்கின்றன. ஆகையால், அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன். கடலூரிலும் சிதம்பரத்திலும் வேலைக்குப் போய் வர, கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். போதும் என்பது மாத்திரம் அல்ல, அதுவே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கியர் என்ன செய்கிறது?

கியர் இருந்தால் வண்டி தானாகவே வேகமாக ஓடும் என்று அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வண்டியை ஓட்டுவது நம் கால்தான். கியர் அந்தக் காலுக்குப் புதிதாகப் பலம் எதையும் கொடுப்பதில்லை. மேட்டில் ஏறும்போது மிதிப்பதை இலேசாக்கி, அதற்கு ஈடாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இறக்கத்தில் மிதிப்பதைக் கடினமாக்கி, வேகத்தைக் கூட்டித் தருகிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பண்டமாற்று வியாபாரம் அது. உதகமண்டலத்திலும் ஏற்காட்டிலும் இருப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம். பெண்ணையாற்றிலிருந்து கொள்ளிடம் வரையில் பாய் விரித்தாற்போல் கிடக்கும் நம் கடற்கரைச் சமவெளியில், மாற்றிக்கொள்வதற்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் உருளும். ஆகவே ஒரு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போகிறது. நிமிஷத்துக்கு 50 சுற்று, மூச்சு வாங்காமல் மிதிக்கக்கூடிய நிதானம். அந்த நிதானத்திலேயே மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் வந்துவிடுகிறது. பத்து கிலோமீட்டர் போக நாற்பது நிமிஷம்கூட ஆகாது.

கடையில் வண்டி பார்க்கும்போது இந்தப் பற்களை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. எண்ணிப் பாருங்கள். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் இரண்டரையை ஒட்டி வரவேண்டும். மூன்றை நெருங்கினால், புது வண்டியில் இரண்டு நாள் ஜோராக இருக்கும். எதிர்க்காற்று அடிக்கிற அன்றைக்கு முழங்கால் பதில் சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு சிப்காட்டிலிருந்து வடக்கே மஞ்சக்குப்பம் திரும்புகிறவனுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

கடலூரில் இதற்கு ஒரே விலக்கு கேப்பர் மலை. அங்கே வீடோ வேலையோ உள்ளவர்கள் தினம் ஒரு ஏற்றம் ஏறித்தான் ஆகவேண்டும். அவர்கள்கூட உடனே கியர் வண்டிக்கு ஓடவேண்டியதில்லை. 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் உள்ளதைப் போட்டுத் தரும்படி சைக்கிள் கடையில் சொன்னால் போதும். சமவெளியில் வேகம் கொஞ்சம் குறையும். மேட்டில் கால் இலேசாகும். அதற்கும் மேல் முழங்கால் வலி உள்ளவர்களும், பொழுதுபோக்காக மலை மலையாகச் சுற்றி வருகிறவர்களும் கியர் வண்டி வாங்கட்டும். அவர்களை நான் தடுக்கவில்லை.

உப்பும் மழையும்

நம் ஊர்களில் சைக்கிளுக்கு மேடு விரோதி அல்ல. உப்புக் காற்றும் மழையுமே விரோதிகள். தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் வெளியில் நிறுத்திவைத்த இரும்பு எதுவும் ஒரு வருஷத்தில் பழுப்பேறிவிடுகிறது. கியர் வண்டியில் பின்சக்கரத்தின் ஓரமாகத் தரையை நோக்கித் தொங்கும் அந்தச் சிறு யந்திரத்தில் சின்னச் சின்னச் சக்கரங்களும், சுருள்வில்லும், கம்பி வடமும் இருக்கின்றன. சேறும் உப்பும் புகுந்துவிட்டால் அது சண்டித்தனம் செய்யும். செயினோ திறந்தபடி இருக்கும்; மழைத் தண்ணீரும் மணலும் நேராக அதில்தான் வந்து விழும்.

சாதாரண சைக்கிளில் செயின் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது. அதனால் அதை முழுவதுமாகத் தகட்டால் மூடிவிட முடிகிறது. மூடியிருப்பதால் எண்ணெய் காய்வதில்லை. வேட்டியிலும் பேண்டிலும் கறுப்பு ஒட்டுவதில்லை. ஹாலந்து தேசம் நம்மைப் போலவே சமவெளி. மழையும் காற்றும் அங்கே ஜாஸ்தி. பணத்துக்கும் அவர்களுக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் அங்கே செயினை முழுக்க மூடிய, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற, கியர் இல்லாத கறுப்பு சைக்கிள் இன்றும் தெருவில் ஓடுகிறது. சீனாவில் 1950-ல் தியான்ஜின் நகரில் செய்ய ஆரம்பித்த 'பறக்கும் புறா' சைக்கிளும் கியர் இல்லாத வண்டிதான். ஒரு தலைமுறையே அதில் வேலைக்குப் போய் வந்தது.

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்ததைக் கடலூர்வாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டுக் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில், தோளில் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி மறுபடியும் ஏறி மிதிக்கக்கூடிய வாகனம் சைக்கிள் ஒன்றுதான். அதற்குப் பெட்ரோல் பங்க் திறந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முன்காலத்தில் பிரேம் ஒரு இடத்தில், ரிம் ஒரு இடத்தில் என்று உதிரிகளாக வாங்கி, பழக்கமான கடைக்காரரிடம் கொடுத்துக் கோக்கச் சொல்வதும் உண்டு. இன்று கம்பெனியிலிருந்து ரெடிமேடாகவே வண்டி வந்துவிடுகிறது. சட்டை ரெடிமேடாக வாங்கினாலும் நம் உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? சைக்கிளுக்கும் அதுவே விதி.

முதலில் உயரம். பெரிய கறுப்பு வண்டிகள் பெரும்பாலும் 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டு பிரேம் அளவில் வரும். வண்டியின் குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நில்லுங்கள். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே ஓரிரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே வண்டி என்று பெரிதாக வாங்கினால், குட்டையானவன் இடுப்பை ஆட்டி ஆட்டி மிதித்து முதுகுவலியைத் தேடிக்கொள்வான்.

இரண்டாவது டயர். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய பெரிய சைக்கிளின் சக்கரத்தையும் 28 என்கிறார்கள்; புது நாகரிக வண்டிகளில் 700 என்று எண் போட்ட மெல்லிய சக்கரத்தையும் சிலர் 28 என்கிறார்கள். டயர் உட்காரும் வட்டத்தின் குறுக்களவு முதலாவதில் 635 மில்லிமீட்டர், இரண்டாவதில் 622. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. ஆகையால் வண்டி வாங்குவதற்கு முன்பே, நீங்கள் தினம் போகிற வழியில் இருக்கும் பஞ்சர் கடையில் நின்று, "அண்ணே, இந்த சைஸ் டயரும் ட்யூபும் உங்ககிட்டே இருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்த வண்டி வேண்டாம்.

மூன்றாவது பிரேக். இரும்பு ரிம்மில் மழைத் தண்ணீர் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வெகு தூரம் எடுக்கும். அலுமினிய ரிம்மில் அந்தக் கஷ்டம் குறைவு. கம்பி பிரேக் வண்டிதான் வாங்குவது என்றால், மழைக்காலத்தில் மெதுவாகப் போவது என்ற சங்கல்பத்தையும் சேர்த்து வாங்கவேண்டும். லாரியும் பஸ்ஸும் பறக்கிற கடலூர்-சிதம்பரம் சாலையில் இதை விளையாட்டாக எண்ணக்கூடாது. ராத்திரி ஷிப்டு உள்ளவர்கள் முன்னால் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும் பொருத்தாமல் அந்தச் சாலையில் ஏறவே கூடாது.

நான்காவது, மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு ஆகியவை வண்டியோடு சேர்ந்தே வருகின்றனவா என்று பாருங்கள். மலையேறும் வண்டி மாதிரி செய்த சைக்கிள்களில் மட்கார்டு பெயருக்கு ஒரு முழம் இருக்கும், கேரியரே இராது. டிபன் பாக்ஸை எங்கே வைப்பது? முதல் மழையில் முதுகு நெடுகச் சேற்றுக்கோடு போட்டுக்கொண்டு ஆபீஸில் போய் நிற்பதா? முன்பக்கம் குதிக்கிற ஷாக் அப்சர்பரும் அப்படித்தான். பள்ளத்தில் கொஞ்சம் சுகம் உண்டு. மற்ற நேரமெல்லாம் அதன் கனத்தையும் சுமந்து, நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அதற்குக் காணிக்கையாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெண்களுக்கு எது?

1991-ம் ஆண்டிலும் அதை அடுத்தும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அந்தப் பெண்கள் ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். சிலர் அதுவே சௌகரியம் என்றும் சொன்னார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம்! இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கடைக்காரர் எதைப் பெண்கள் வண்டி என்கிறார் என்று அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் காரியத்துக்கு எது உதவும் என்று பார்த்தார்கள்.

சிதம்பரத்தில் தேர் ஓடும் நான்கு வீதிகளில் உள்ள கடைகளுக்கும், ரயில் பாதைக்கு அப்பால் அண்ணாமலை நகருக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். 1929-ல் பல்கலைக்கழகம் ஏற்பட்ட அந்த இடமும் ஊரும் கணுக்கால் அளவுகூட மேடில்லாத பூமி. சேலை கட்டுகிறவர்களுக்குக் கம்பி தாழ்ந்த வண்டியும், பின்சக்கரத்தில் முந்தானை சிக்காமல் காக்கும் தகடும், முன்னால் ஒரு கூடையும் இருந்தால் போதும்.

அரசாங்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சைக்கிளும் கியர் இல்லாததுதான். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்துப் பின்னால் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் எத்தனையோ வீடுகளில் அந்த வண்டி கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. புதிது வாங்குமுன் அதை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். இரண்டு டயரும் ஒரு செயினும் மாற்றினால் உயிர் பெற்றுவிடுமானால், கடைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை.

பழுது பார்க்க யார்?

சாதாரண சைக்கிளின் பெரிய பலம், அதன் உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதுதான். இங்கிலாந்தில் உருவான ஒரு மாதிரியை வைத்துக்கொண்டுதான் நம் நாட்டுக் கம்பெனிகள் தொழிலைத் தொடங்கின. 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ என்று வரிசையாக வந்தன. அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம் என்பது ஒரு துரதிர்ஷ்டமான பொருத்தம். ஆனால், அட்லஸ் வண்டி வைத்திருந்தவர்கள் அதனால் நடந்து போகவில்லை. வேறு கம்பெனியின் பெடலும் செயினும் பிரேக் கட்டையும் அதில் அழகாகப் பொருந்தின. கியர் வண்டியில் இந்தச் சௌகரியம் இல்லை. அதற்கு உரிய சாமான் வேண்டும். அதைத் திருத்தத் தெரிந்த கை வேண்டும். இரண்டும் கிடைக்கிற வரையில் வண்டி திண்ணையில் நிற்கும்.

இன்னொன்று. ரெடிமேட் வண்டி என்றாலும், புதிது வாங்கிய ஒரு மாதத்தில் அதைக் கடைக்கு எடுத்துப்போய் ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கி, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, நட்டுகளை இறுக்கித் தரச் சொல்லவேண்டும். புதுக் கம்பி ஓட ஓடத் தளரும். அது வண்டியின் குற்றம் அல்ல. இந்தச் சிறு காரியத்தை அலட்சியம் செய்ததால் மூன்றே மாதத்தில் சக்கரம் நெளிந்துபோன அனுபவம் எனக்கே உண்டு. அட்டைப் பெட்டியில் வீட்டுக்கே அனுப்பிவைக்கிற வண்டியை வாங்குகிறவர்கள், அதை இறுக்கித் தர யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வேண்டாமா?

எல்லோரும் சைக்கிளிலேயே போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் நாற்பது கிலோமீட்டருக்குமேல் போகிறவரை சைக்கிள் மிதிக்கச் சொல்வது பாவம். அவர் ஸ்டேஷன் வரையில் சைக்கிளில் போய், அங்கே பூட்டி வைத்துவிட்டு ரயில் ஏறட்டும். அப்படி நாள் முழுவதும் வெளியில் நிற்கும் வண்டி, திருடன் கண்ணை உறுத்தாத சாதாரண வண்டியாக இருப்பதே நல்லது.

ஆனால், பத்து கிலோமீட்டருக்கு உட்பட்டவர்கள் தவணை எழுதிக் கொடுக்குமுன் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் பெட்ரோல் 2021-லேயே லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. தினம் 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடினாலும் பத்து லிட்டர். மாதம் ஆயிரம் ரூபாய் புகையாகப் போகிறது. தவணையும் இன்சூரன்ஸும் அதற்கு மேல். புதிதாக வேலைக்குப் போகிறவனுக்கு ஆயிரம் ரூபாய் சின்னத் தொகையா?

இவ்வளவையும் கேட்ட பிறகும் பையன், "எல்லாம் சரி மாமா, ஆனா பார்க்கிறவங்க..." என்று இழுத்தான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவனுக்குக் கியர் தேவைப்பட்டது மேட்டுக்காக அல்ல. கம்பெனி வாசலில் நிற்கிறவர்களின் பார்வைக்காக. அந்த மேட்டை ஏறிக் கடக்கக் கடையில் எந்தக் கியரும் கிடைக்காது.

"தம்பி, நம்ம தெருவுக்கு வர்ற பால்காரர் எந்த வண்டியிலே வர்றார்?" என்று கேட்டேன்.

"பழைய சைக்கிள்லேதான்."

"எத்தனை வருஷமா?"

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா அதே வண்டிதான்."

"தினம் விடியற்காலையிலே, மழையானாலும் பனியானாலும், ரெண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கிட்டு வர்றார். ஒரு நாள் வண்டி நின்னா அன்னைக்கு அவருக்குப் பிழைப்பு இல்லை. அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த வண்டியை விட நம்பகமான வண்டி வேற எது? உன்னைப் பார்த்துப் பால்காரன்னு யாராவது சொன்னா, வண்டி வாங்கத் தெரிஞ்சவன்னு சொல்றாங்கன்னு எடுத்துக்கோ."

பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். சமாதானம் ஆனானா, சலித்துக்கொண்டு போனானா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் சாயங்காலம் கெடிலம் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து மணி அடித்தது. பச்சை வர்ணத்தில் ஒரு புது சைக்கிள். செயின் கவர், கேரியர், கேரியரில் டிபன் பாக்ஸ் எல்லாம் இருந்தன. ஓட்டி வந்தவன் நம் பையன்தான். வர்ணம் மாத்திரம் அவன் இஷ்டமாம்.

"ஏறுங்க மாமா, மஞ்சக்குப்பத்திலே இறக்கி விடறேன்" என்றான்.

கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். பாலத்து மேட்டில் என்னையும் வைத்துக்கொண்டு அவன் எழுந்து நின்று மிதித்தபோது, "இறங்கிக்கட்டுமா?" என்று கேட்டேன். "பேசாம இருங்க மாமா, பால் கேனைவிட நீங்க ஒண்ணும் கனம் இல்லே!" என்றான்.